செல்லில் தையல் என்றுதான் இருக்கிறது, கூலி ஏன் 0?

கேள்வி: தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் எங்கள் சித்தப்பா நடத்தும் தோல் பை கார்கானாவில் (பட்டறையில்) கணக்கு பார்க்கிறேன். பதினான்கு காரிகர்கள் (கைத்தொழிலாளர்கள்), சனிக்கிழமைதோறும் பீஸ் கணக்கில் கூலி. எக்செல்லில் வேலை வகைக்கு ஒரு ட்ராப்டவுன் (அம்புக்குறியைத் தட்டித் தேர்ந்தெடுக்கும் பட்டியல்) வைத்திருக்கிறேன்: கட்டிங், தையல், ஒட்டு, ஃபோல்டிங். சித்தப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும், அதனால் பட்டியலும் தமிழிலேயே. எந்த வேலையோ அதன் ரேட்டால் பீஸைப் பெருக்க வேண்டும். போன் நோட்ஸில் எழுதி வைத்த ஃபார்முலாவைக் கம்ப்யூட்டரில் ஒட்டினால் எக்செல் ஏற்கவே மாட்டேன் என்கிறது. பல நிபந்தனைகளை வரிசையாகக் கேட்கும் இஃப்எஸ் போட்டுப் பார்த்தேன், #நேம்? என்று வருகிறது. எப்படியோ தட்டுத்தடுமாறி ஒன்றை ஓட வைத்தேன். ஆனால் தையல்காரர் இருவருக்கு மட்டும் கூலி 0 காட்டுகிறது. இருவரும் வாரம் முழுக்கத் தைத்தவர்கள். செல்லிலும் தையல் என்றுதான் இருக்கிறது. நான் முதலில் எழுதியது இது. எங்கே தப்பு அக்கா?

=இஃப்(சி2=“கட்டிங்”,டி2*6,இஃப்(சி2=தையல்,டி2*22,இஃப்(சி2="ஒட்டு" ஆர் "ஃபோல்டிங்",டி2*8,0))

(பெயர் வேண்டாம், மும்பை)

பதில்: தங்கச்சி, அந்த இரண்டு பேருக்கும் இந்த வாரக் கூலியை நோட்டைப் பார்த்துக் கையால் கணக்குப் போட்டு முதலில் கொடுத்துவிடுங்கள். ஃபார்முலாவைச் சரி செய்ய ஒரு நாள் ஆகலாம். அவர்கள் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

ஃபார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். அடிக்கும்போது இஃப், ஆர் போன்ற பெயர்களையும் சி, டி என்ற செல் எழுத்துகளையும் வழக்கம்போல ஆங்கிலத்திலேயே அடியுங்கள். உங்கள் தாளில் சி வேலை வகை, டி பீஸ் எண்ணிக்கை என்று புரிந்துகொண்டேன்.

உங்கள் ஃபார்முலாவில் நான்கு பிழைகள் இருக்கின்றன. நான்கும் ஒரே வரியில் இருப்பதால்தான் ஒன்றைத் திருத்தியும் பிழைப் பெட்டி மறுபடி மறுபடி வந்திருக்கும், உங்களுக்கும் சலித்திருக்கும்.

முதலாவது, கட்டிங் என்ற சொல்லைச் சுற்றியுள்ள மேற்கோள். உற்றுப் பாருங்கள், அது வளைந்திருக்கிறது. ஒட்டு என்பதைச் சுற்றியுள்ளது நேராக நிற்கிறது. நோட்ஸில் அடித்தபோது போன் தானாக அழகுபடுத்திக் கொடுத்த மேற்கோள் அது. ஐபோனில் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் இந்த வசதி இருக்கிறது, வேர்டும் இதையே செய்யும். கடிதத்துக்கு அது அழகு. எக்செல்லுக்கு அது மேற்கோளே இல்லை. கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்ணில் நேர் மேற்கோள் 34, வளைந்தவை 8220, 8221. மூன்றும் வேறு வேறு எழுத்துகள். அதனால் கட்டிங் என்பதைச் சொல்லாக எடுத்துக்கொள்ளாமல், அப்படி ஏதோ ஒரு பெயர் இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால் #நேம்? என்று நிற்கும், அல்லது வரி முழுவதையும் திருப்பி அனுப்பும். இதற்கு வழி சுலபம்: ஒட்டிய பிறகு மேற்கோள்களை மட்டும் அழித்து, கம்ப்யூட்டர் விசைப்பலகையில் புதிதாக அடியுங்கள். இனிமேல் போன் நோட்ஸில் ஃபார்முலா எழுதி வைக்கவே வேண்டாம். என்னிடம் வரும் பத்துக் கேள்வியில் பாதிக்கு இதுதான் காரணம். எழுதியவர் மணிக்கணக்காக அடைப்புக்குறியை எண்ணிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது, தையலுக்கு மேற்கோளே போடவில்லை. ட்ராப்டவுனில் தேர்ந்தெடுப்பது எழுத்து, ஆகவே ஃபார்முலாவிலும் அது மேற்கோளுக்குள்தான் வர வேண்டும். 22, 8 போன்ற எண்களுக்கு மேற்கோள் கூடாது. இதை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன், அது என் மனதை விட்டுப் போகாத ஒரு விஷயம்.

மூன்றாவது, ஆர். "ஒட்டு அல்லது ஃபோல்டிங்" என்று பேச்சில் நடுவில் வைப்பதுபோல் நீங்கள் வைத்திருக்கிறீர்கள். எக்செல்லில் ஆர் முன்னால் நிற்க வேண்டும், கேட்க வேண்டியவை எல்லாம் அதன் அடைப்புக்குறிக்குள் போக வேண்டும். அங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு. ஆர்(சி2="ஒட்டு","ஃபோல்டிங்") என்று சுருக்கி எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் #வேல்யூ! வரும். எக்செல் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கேள்வியாகப் பார்க்கிறது, வெறும் ஃபோல்டிங் என்பது கேள்வி இல்லையே. சி2= என்பதை ஒவ்வொரு முறையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான்காவது, அடைப்புக்குறி. மூன்று இஃப் திறந்திருக்கிறீர்கள், இரண்டைத்தான் மூடியிருக்கிறீர்கள்.

நான்கையும் திருத்தினால் இப்படி வரும்:

=இஃப்(சி2="","",இஃப்(சி2="கட்டிங்",டி2*6,இஃப்(சி2="தையல்",டி2*22,இஃப்(ஆர்(சி2="ஒட்டு",சி2="ஃபோல்டிங்"),டி2*8,என்ஏ()))))

இதில் இரண்டு இடங்களை நானாக மாற்றியிருக்கிறேன். ட்ராப்டவுன் இன்னும் தேர்ந்தெடுக்கப்படாமல் காலியாக இருந்தால் கூலிச் செல்லும் காலியாக இருக்கும்படி தொடக்கத்தில் ஒரு இஃப் சேர்த்தேன். கடைசியில் நீங்கள் 0 போட்டிருந்த இடத்தில் என்ஏ() போட்டேன். இதைக் கவனமாகக் கேளுங்கள். "எந்த வகையிலும் சேரவில்லை" என்றால் 0 என்று நீங்களே எழுதி வைத்ததால்தான் அந்த இருவரின் கூலி சத்தமில்லாமல் போனது. எக்செல்லுக்கு அங்கே தெரிந்தது "இந்த வேலை எனக்குப் புரியவில்லை" என்பதுதான். அதை 0 ரூபாய் என்று சொல்லச் சொன்னது ஃபார்முலா. என்ஏ() போட்டால் அந்தச் செல்லில் #என்/ஏ வரும், கீழே கூட்டுத்தொகையும் உடைந்து #என்/ஏ ஆகும். உடையட்டும். ஒருவருக்குத் தப்பு நடந்திருக்கும்போது அந்த வாரத்தின் மொத்தம் ஒழுங்காகத் தெரியக் கூடாது. "பார்க்கவும்" என்று ஒரு சொல்லை அங்கே போடச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டுத்தொகை போடும் சம் ஃபார்முலா எழுத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும், கூட்டுத்தொகை குறைவாக வரும், பார்ப்பதற்கோ சரியாக இருக்கும்.

அடைப்புக்குறிகளை விரல் வைத்து எண்ண வேண்டாம். செல்லில் நின்று எஃப்2 அழுத்துங்கள். எக்செல் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நிறம் கொடுக்கும், எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் ஜோடி கறுப்பு. கடைசி அடைப்புக்குறி கறுப்பாக இல்லையென்றால் இன்னும் மூட வேண்டியது இருக்கிறது. அம்பு விசையால் ஒரு குறியைத் தாண்டும்போது அதன் ஜோடி ஒரு கணம் தடித்துக் காட்டும், எது எதோடு சேர்கிறது என்று அதில் தெரியும். வரி நீளமாக இருந்தால் ஒவ்வொரு இஃப்புக்கு முன்னும் ஆல்ட் எண்டர் அடித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோங்கள், ஃபார்முலாவுக்கு ஒன்றும் ஆகாது.

குறி விடுபட்டால் "இப்படித் திருத்தட்டுமா" என்று எக்செல் கேட்கும், எளிய வரியாக இருந்தால் கேட்காமலே தானாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். அதை அப்படியே நம்பக் கூடாது. ரிஜெக்ட் ஆன பீஸைக் கழித்துக் கூலி போடுவதாக வைத்துக்கொள்வோம், இ2-வில் ரிஜெக்ட். எழுத நினைத்தது =(டி2-இ2)*22. நடுவில் மூட மறந்து =(டி2-இ2*22 என்று எண்டர் தட்டினால் எக்செல் கடைசியில் ஒரு குறி சேர்த்து ஏற்றுக்கொள்ளும். 40 பீஸ், 2 ரிஜெக்ட் என்றால் 836 வர வேண்டும். வருவது -4. இது கண்ணில் பட்டுவிடும். ரிஜெக்ட் இல்லாத வாரத்தில் இதே ஃபார்முலா காட்டுவது வெறும் பீஸ் எண்ணிக்கை, 40. அது பார்க்க ஒரு கூலி மாதிரியே இருக்கும்.

இஃப்எஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் எழுதியதில் தப்பு இருக்காது. இஃப்எஸ் எக்செல் 2019 முதல் வந்த பதிப்புகளிலும் சந்தா முறையில் வரும் மைக்ரோசாஃப்ட் 365-இலும்தான் உண்டு. கார்கானா கம்ப்யூட்டரில் இருப்பது அதற்கு முந்தைய எக்செல்லாக இருக்கும், அந்தப் பெயரே அதற்குத் தெரியாது. இஃப்புக்குள் இஃப் வைக்கப் பழசும் போதும். 2007 முதல் 64 அடுக்கு வரை தாங்கும், அதற்கு முன் 7 தான். வேறு ஊர் அமைப்பில் உள்ள லேப்டாப்பில் ஃபார்முலாவைத் திறந்து எழுதினால் கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி கேட்கலாம். நம் ஊர் அமைப்பில் அந்தத் தொல்லை இல்லை.

இனி அந்த இரண்டு பேரின் விஷயம். இலக்கணம் சரியான பிறகும் 0 வருவதுதான் இதில் கஷ்டமான பகுதி.

அவர்கள் வரிசையில் வேலை வகைச் செல்லில் போய் நில்லுங்கள். பக்கத்தில் ட்ராப்டவுனின் அம்புக்குறி வருகிறதா? வராது என்றே நினைக்கிறேன். போன வாரத் தாளிலிருந்தோ வேறு எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டிய செல்களாக இருக்கும். ட்ராப்டவுன் கையால் தப்பாக அடிப்பதைத்தான் தடுக்கும், மேலே ஒட்டுவதைத் தடுக்காது. ட்ராப்டவுன் இல்லாத செல்லைக் காப்பி செய்து ஒட்டினால் ட்ராப்டவுனே அழிந்துவிடும், என்ன ஒட்டினோமோ அது உட்கார்ந்துகொள்ளும்.

அங்கே உட்கார்ந்திருப்பது என்ன என்று பார்க்க, பக்கத்துக் காலிச் செல்லில் =லென்(சி2) என்று அடியுங்கள், வரிசை எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். தையல் என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து: தை, ய, ல். கம்ப்யூட்டர் அதை 5 என்று எண்ணும். த ஒன்று, ஐகாரக் குறி ஒன்று, ய ஒன்று, ல ஒன்று, புள்ளி ஒன்று. சரியாக வரும் வரிசையில் 5 வந்து, 0 காட்டும் வரிசையில் 6 வந்தால் சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நமக்கு அது வெற்றிடம், எக்செல்லுக்கு அது வேறு சொல். ஃபார்முலாவில் சி2 வரும் இடங்களில் ட்ரிம்(சி2) என்று போட்டால் முன்னும் பின்னும் உள்ள இடைவெளி போய்விடும். இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்தவற்றில் மட்டும் 160 என்ற எண்ணுள்ள வேறு வகை இடைவெளி வரும், அதை ட்ரிம் தொடாது. அந்தச் செல்லை அழித்துவிட்டு ட்ராப்டவுனை மறுபடி வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் சுருக்கமான வழி.

தமிழில் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு விஷயம் இருக்கிறது, இதை யாரும் சொல்லித்தருவதில்லை. ஃபோல்டிங் என்பதில் வரும் போ-வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஓகாரக் குறி முழுவதும் ஒரே எழுத்தாகச் சேர்வது ஒரு விதம். முன்னால் வரும் கொம்பு தனியாக, பின்னால் வரும் கால் தனியாக இரண்டாகச் சேர்வது இன்னொரு விதம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியதிலும் சில விசைப்பலகைகளிலும் இரண்டாவது வரும். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே தெரியும். லென் முதலாவதை 9 என்றும் இரண்டாவதை 10 என்றும் காட்டும். ட்ரிம் போட்ட பிறகும் 10 என்றால் காரணம் இதுதான். இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் என்று நம்பிக் கூலிக் கணக்கை விட்டுவைக்காதீர்கள்.

இத்தனைக்கும் ஒரே தீர்வு இருக்கிறது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் இந்த மாதத்துக்குள் அதற்கு மாறிவிடுங்கள். வேலையின் பெயரையும் ரேட்டையும் ஃபார்முலாவுக்குள் அடிக்கவே அடிக்காதீர்கள். ரேட் என்று தனித் தாள் ஒன்று வையுங்கள். அதில் ஏ2 முதல் ஏ5 வரை வேலை வகை, பக்கத்தில் பி2 முதல் பி5 வரை ரேட். ட்ராப்டவுனுக்கு மூலமாக அந்த ஏ2 முதல் ஏ5 வரையையே காட்டுங்கள். கூலிச் செல்லில்:

=இஃப்(சி2="","",டி2*விலுக்கப்(சி2,ரேட்!$ஏ$2:$பி$5,2,ஃபால்ஸ்))

விலுக்கப் ஒரு சொல்லை அட்டவணையில் தேடி, அதன் பக்கத்தில் உள்ளதை எடுத்துத் தரும். இப்போது ட்ராப்டவுனும் ஃபார்முலாவும் ஒரே செல்லைப் பார்க்கின்றன. பட்டியலில் தையல் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், இடைவெளியோடே இருந்தாலும், தேர்ந்தெடுப்பதும் தேடுவதும் ஒன்றேதான். யாராவது வேறு எதையாவது மேலே ஒட்டினால் #என்/ஏ வந்து நிற்கும். மேற்கோளே "" தவிர வேறில்லை, வளைய வாய்ப்பும் குறைவு. சித்தப்பாவும் ரேட் தாளைத் திறந்து தமிழில் படித்து, தையல் 22 சரிதானா என்று அவரே பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இந்த முறை பிடிப்பதற்கு அதுதான் முதல் காரணம். ஐந்தாறு அடைப்புக்குறிக்குள் கிடக்கும் 22-ஐ அவர் எப்படிப் பார்ப்பார்?

கடைசியில் உள்ள ஃபால்ஸை விட்டுவிடாதீர்கள். விட்டால் எக்செல் தோராயமாகத் தேடும், பட்டியல் வரிசைப்படுத்தியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு பக்கத்து ரேட்டை எடுத்துக் கொடுக்கலாம், அப்போது பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. டாலர் குறிகளும் வேண்டும். அவை இல்லாமல் ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் ரேட் அட்டவணையும் சேர்ந்து கீழே நகரும். இரண்டாவது ஆளிலிருந்தே ரேட் தாளின் மேலே உள்ள வேலைகள் ஒவ்வொன்றாக விடுபட்டு, ஐந்தாவது ஆள் முதல் எல்லாருக்கும் #என்/ஏ ஆகிவிடும். புது வேலை ஒன்றைச் சேர்த்தால் 5 என்பதை 6 ஆக்க வேண்டும், ட்ராப்டவுனிலும் ஃபார்முலாவிலும் இரண்டு இடத்திலும்.

இந்த முறையில் ஒரு ஆபத்து உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்குப் பிறகு தையல் ரேட்டை 24 ஆக்குகிறீர்கள் என்று வையுங்கள். ரேட் தாளில் மாற்றிய அடுத்த நொடியே போன மாதக் கூலிகளும் 24-இல் கணக்காகிவிடும். கொடுத்த பணம் ஒன்று, தாளில் இருப்பது வேறு என்றாகும். அட்வான்ஸ் கழிக்கும் இடத்தில் இதனால் சண்டையே வரும். அதனால் சனிக்கிழமை பணம் கொடுத்து முடித்ததும் அந்த வாரக் கூலிப் பத்தியைக் காப்பி செய்து, அதே இடத்தில் வேல்யூஸ் மட்டும் ஒட்டிவிடுங்கள். ஃபார்முலா போய் எண்கள் மட்டும் நிற்கும்.

மேற்கோளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேனே. இருபது வருடத்துக்கு முன் அந்தேரி பக்கம் ஒரு கம்பெனியில் சம்பளத் தாள் நான்தான் போடுவேன். ஷிஃப்டுக்கு ஒரு ட்ராப்டவுன், பகல் அல்லது இரவு. இரவு என்றால் 150 ரூபாய் படி. நான் எழுதியது =இஃப்(பி2="இரவு","150",0). 150-ஐ மேற்கோளுக்குள் போட்டுவிட்டேன். செல்லில் 150 என்று அழகாகத் தெரிந்தது. எக்செல்லுக்கு அது எண் இல்லை, மூன்று எழுத்து. மாதக் கடைசியில் சம் போட்டபோது அது எல்லா 150-ஐயும் தாண்டிப் போய்விட்டது. பிழைப் பெட்டி வரவில்லை, #நேம்? வரவில்லை. சோதித்துப் பார்த்தபோது நான் ஒரு வரிசையைக் கூட்டல் குறி போட்டுத்தான் கூட்டினேன். கூட்டல் குறி எழுத்தாக உள்ள எண்ணையும் எண்ணாக்கிக் கூட்டிவிடும், சம் அப்படிச் செய்யாது. அதனால் எனக்குச் சரியாகவே வந்தது. இரண்டு மாதம் இரவுக்காவலர்கள் படி இல்லாமல் வாங்கிப் போனார்கள். கண்டுபிடித்தது நான் இல்லை. விழுப்புரம் பக்கத்துக்காரர் ஒருவர் பாக்கெட் டைரியில் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார், அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பாக்கியைக் கொடுத்துவிட்டோம். ஆனால் அந்த இரண்டு மாதமும் அவர்கள் வீட்டில் எதைக் குறைத்தார்களோ எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எண்ணுக்கு மேற்கோள் போட்டிருக்கிறேனா என்று பார்க்காமல் எந்தக் கூலித் தாளையும் மூடியதில்லை. நீங்களும் கண்ணால் பிடிக்கலாம்: செல்லை நாம் எந்தப் பக்கமும் ஒதுக்கியிருக்காவிட்டால் எண் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும்.

புது ஃபார்முலாவை வெள்ளிக்கிழமையே போட்டு, நான்கு வேலைக்கும் ஒவ்வொரு வரிசை எடுத்துக் கையால் பெருக்கிப் பாருங்கள். ஐந்தாவதாக ஒரு வரிசையில் வேண்டுமென்றே தையல் என்று எழுதிப் பின்னால் ஒரு இடைவெளி விட்டு, வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டுங்கள். ட்ரிம் போட்டிருந்தால் சரியான தையல் கூலி, போடாவிட்டால் #என்/ஏ வர வேண்டும். அப்படி இல்லாமல் 0 வந்தாலோ வேறு ஏதோ ஒரு தொகை வந்தாலோ அந்தத் தாளை வைத்துப் பணம் கொடுக்காதீர்கள், நோட்டை வைத்தே கொடுங்கள். அதன் பிறகும் சிக்கினால் எழுதுங்கள். ஃபார்முலாவை எழுத்தாகவும், அந்தச் செல்லில் வந்த பிழையின் பெயரையும், லென் காட்டிய எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த இரண்டு பேருக்கும் முந்தைய வாரங்களிலும் 0 விழுந்திருக்கிறதா என்று இன்றே பழைய தாள்களைத் திறந்து பார்த்துவிடுங்கள்.